மாதிரித் தலையும் முகப் பிரமாணமும்

ஓவியமோ சிற்பமோ பயிலும் மாணவன் ஒரு முகத்தை எழுதத் தொடங்குமுன், முகம் என்பது எவ்வாறு அமைந்தது என்பதைக் கையால் தடவியும் கண்ணால் சுற்றிப் பார்த்தும் அறிந்துகொள்வதற்காக, பிளாஸ்டரிலோ களிமண்ணிலோ மரத்திலோ, இக்காலத்தில் கணினித் திரையில் சுழலும் முப்பரிமாண உருவமாகவோ ஒரு தலையைச் செய்து அவன்முன் வைப்பது கலைப் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். இன்னாருடையது என்று சுட்ட இயலாததும், ஆயினும் எல்லாருடைய தலைக்கும் பிரதிநிதியாக நிற்க வேண்டியதுமான இந்தப் பொருளை மாதிரித் தலை என்று இக்கட்டுரையில் வழங்குவோம். அதன் பிரயோஜனம் முழுவதும் அதன் அளவுகளின் நேர்மையைப் பொறுத்தது. மாதிரியில் காது அரை விரல் மேலேறியிருந்தால், அதைப் பார்த்துப் பழகிய கைகள் அனைத்தும் காதை அரை விரல் மேலேதான் வைக்கும். அப்பழக்கத்தை மாற்றுவதற்குப் பிறகு ஆண்டுகள் செல்லும்.

ஆதலால், அந்த அளவுகளை எங்கிருந்து பெறுவது என்னும் வினா முதன்மையானது. சாஸ்திரங்களும் கலை நூல்களும் விதித்த விகிதங்களிலிருந்து பெறுவதா, உயிருள்ள மனிதர்களை அளந்து கண்ட எண்களிலிருந்து பெறுவதா, நிழற்படத்தில் கண்ணுக்குத் தோன்றுவதிலிருந்து பெறுவதா? இம்மூன்றும் ஒரே உண்மையைச் சொல்வன என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கைநூல்கள் பல. அந்த நம்பிக்கையைப் பரிசோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மூன்று சம பாகம்

முகத்தை நீளவாக்கில் மூன்று சம பாகங்களாகப் பகுக்கும் முறை ஐரோப்பாவுக்கும் பாரதத்துக்கும் பொதுவாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. கி.மு. முதல் நூற்றாண்டினரான ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கோயில்களின் அளவைப் பற்றிப் பேசப் புகுந்த இடத்தில் மனித சரீரத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு, மோவாயிலிருந்து மயிர் முளைக்கும் எல்லை வரையுள்ள முகம் உடலில் பத்திலொரு பங்கு என்றும், மோவாயிலிருந்து உச்சி வரையுள்ள சிரசு எட்டிலொரு பங்கு என்றும், முகத்துக்குள் மோவாயின் அடியிலிருந்து மூக்கின் அடிவரை ஒரு பாகம், அங்கிருந்து புருவங்களின் நடு எல்லை வரை ஒரு பாகம், அதன்மேல் மயிர் எல்லை வரை ஒரு பாகம் என்றும் வகுத்துரைத்தார். தூணுக்கும் மண்டபத்துக்கும் இடையே இருக்கவேண்டிய இசைவுக்கு உடலை அவர் சாட்சியாக அழைத்தாரேயன்றி, முகம் எழுதும் வித்தையைக் கற்பிக்க முயலவில்லை என்பதைப் பின்வந்தோர் பெரும்பாலும் மறந்துவிட்டனர். 1400ஆம் ஆண்டையொட்டி ஓவியத் தொழில் நூல் ஒன்றை எழுதிய இத்தாலியர் சென்னினோ சென்னினி அதே மூன்று பாகத்தை எடுத்துரைத்து, பெண்ணின் உடலில் பூரணமான அளவு எதுவும் இல்லை என்று சொல்லி அதை விட்டுவிடுகிறார். பெண்கள் அவரை மன்னிப்பார்களோ மாட்டார்களோ, அளவு நூல்களை எழுதியோர் யாருடைய முகத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதினர் என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1490ஆம் ஆண்டளவில் வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் நிற்கும் மனிதனை வரைந்த லியொனார்டோ டாவின்சி, அப்படத்தோடு எழுதிய குறிப்பில் மூன்று பாகத்தையே மீண்டும் சொல்லி, காதின் நீளமும் முகத்தில் மூன்றிலொரு பங்கு என்று சேர்த்தார். 1956இல் தலையும் கைகளும் வரைவதற்கு அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் வெளியிட்டதும், இன்றுவரை மாணவர் கையில் புழங்குவதுமான நூலும், இரு பக்கமும் சீவப்பட்ட ஒரு கோளத்தின் மேல் இதே மூன்று பாகத்தைத்தான் நிறுவுகிறது.

பாரதத்தில் ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் பிரதிமைகளின் லட்சணத்தைக் கூறுமிடத்து, முகம் 12 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையதென்றும், நெற்றி, மூக்கு, மோவாய், காது, கழுத்து ஆகியவை ஒவ்வொன்றும் நான்கு அங்குலம் என்றும் கணக்கிடுகிறார். இங்கே அங்குலம் என்பது சந்தையில் விற்கும் அளவுகோலின் அங்குலமன்று. செய்யப்போகும் உருவத்தின் உயரத்தையே 108 அல்லது 120 அல்லது 124 என்று சாஸ்திரம் சொல்லும் எண்ணால் பகுத்துக் கிடைக்கும் பங்கு. விரலளவு விக்கிரகத்துக்கும் கோபுரத்தளவு சிலைக்கும் ஒரே கணக்குப் பொருந்துவது இதனால்தான். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னங்கீற்றில் உருவத்தின் உயரத்தை நறுக்கி எடுத்து, அதை மடித்து மடித்துப் பாகங்களைக் குறித்துக்கொள்ளும் ஒடியோலை, எண்ணைக் கையாலேயே கண்டுகொள்ளும் சாதனம். அதில் வாய்பாடு தெரியாதவனும் பிழை செய்ய இயலாது.

வராகமிகிரர் சொல்லும் வேறொரு செய்தி நம் வினாவுக்கு மிக முக்கியமானது. நக்னஜித் என்னும் முந்தைய ஆசாரியர் முகத்தின் நீளத்தைப் பதினான்கு அங்குலமாகக் கூறினார் என்றும், அது திராவிட முறை என்றும் அவர் எடுத்துரைக்கிறார். நக்னஜித்தின் பெயரால் வழங்கும் சித்திரலட்சணம் திபெத்திய மொழிபெயர்ப்பில் எஞ்சி நின்று, 1913இல் லாவ்ஃபர் என்னும் அறிஞரால் ஜெர்மானிய மொழியில் வெளியிடப்பட்டது. நாம் கவனிக்கவேண்டியது இதுதான்: ஆறாம் நூற்றாண்டிலேயே முகத்தின் அளவு தேசந்தோறும் மாறும் என்பது சாஸ்திரத்துக்குள்ளேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. சாஸ்திரங்கள் ஒரே முகத்தை உலகத்துக்கெல்லாம் விதித்தன என்று பேசுவோர் அந்த இடத்தைப் படித்தவர்களாகத் தோன்றவில்லை.

2. விதி தனக்கு வகுத்துக்கொண்ட எல்லை

சிற்ப சாஸ்திரத்தின் பிரமாணம் எவருடைய முகத்துக்கு உரியது? தெய்வங்களின் திருவுருவத்துக்கு உரியது என்பதில் நூல்களுக்குச் சந்தேகம் இல்லை. தெய்வ உருவம் அழகிற் குறைந்தாலும் நன்மை தரும் என்றும், மானிட உருவம் அழகாகவே அமைந்தாலும் நன்மை தராது என்றும் சுக்கிரநீதி கூறுகிறது. அக்கருத்தை இன்று நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தப் பிரமாணங்கள் தனிமனிதர்களின் முகத்தைப் படம்பிடிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உருவத்தின் அளவு முறையாகிய தாளத்தை உத்தமம், மத்திமம், அதமம் என்று பிரித்து, இன்ன தேவருக்கு இன்ன தாளம் என்று வகுத்ததன் கருத்து, அளவைக் கண்ட மாத்திரத்தில் பதவி புலப்பட வேண்டும் என்பதே.

ஒரு நுட்பத்தை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. மூன்று சம பாகத்தில் மேலெல்லை மயிர் முளைக்கும் இடம். முகத்திலுள்ள எல்லைகளில் அதைப்போல நிலையற்றது வேறில்லை. ஒருவருக்குத் தாழ்ந்தும் ஒருவருக்கு உயர்ந்தும் இருப்பதோடு, ஒரே மனிதருக்கும் வயதேறப் பெரும்பாலும் பின்னோக்கிச் செல்வது. ஸ்தபதிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கிரீடத்தின் பட்டமோ ஜடாமகுடத்தின் கீழ்விளிம்போ அந்த எல்லையில் வந்து அமர்வதால், நெற்றி எங்கே முடியவேண்டும் என்பதை அவரே தீர்மானித்துவிடுகிறார். தெய்வத்துக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை நினைவிற் கொண்டால், மூன்று சம பாகம் சிற்பத்தில் பிசகில்லாமல் நிற்பதும், வீதியில் நடப்பவர் முகத்தில் தள்ளாடுவதும் ஒரே காரணத்தால் என்பது விளங்கும்.

அபனீந்திரநாத் தாகூர் 1914இல் பாரதக் கலையின் அங்க லட்சணத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில், முகத்துக்கு முட்டையையும் கண்ணுக்கு மீனையும் உவமையாகக் கொண்ட மரபை விளக்கினார். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரமும் வில், மீன் வயிறு, நீலோற்பல இதழ், தாமரை இதழ் முதலிய வடிவங்களால் கண்ணை வகைப்படுத்துகிறது. எண்ணோடு வடிவத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் இம்முறையை ஓவிய ஆசிரியர்கள் மேலும் ஊன்றி நோக்குவது நலம் என்பது என் அபிப்பிராயம். நான்கு அங்குலம் என்று சொன்னால் மூக்கின் நீளம் தெரியுமேயன்றி மூக்குத் தெரியாது.

3. அளந்து பார்த்தவர்கள்

ஐரோப்பியரில் இவ்விஷயத்தை மிக ஆழமாக ஆராய்ந்தவர் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். இளமையில் விட்ருவியஸின் ரகசியத்தைக் கண்டறிந்தால் பூரண அழகின் ஒரே விகிதம் அகப்பட்டுவிடும் என்று நம்பித் தொடங்கிய அவர், பல்லாண்டு அளந்தும் வரைந்தும் பார்த்தபின் அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். அவர் காலமான சில மாதங்களுக்குள் 1528இல் வெளிவந்த மனித விகிதம் பற்றிய நான்கு நூல்களில் ஒரே ஆண் உருவமோ ஒரே பெண் உருவமோ இல்லை. தடித்தவர், மெலிந்தவர், நெடியவர், குறியவர் எனப் பல வகையினர் வரிசையாக நிற்கின்றனர். மூன்றாம் நூலில், முகத்தின் மேல் கட்டக் கோடுகளை வரைந்து, அக்கோடுகளை நெருக்கியும் விலக்கியும் சாய்த்தும் ஒரே தலையிலிருந்து வெவ்வேறு தலைகளை அவர் பிறப்பிக்கிறார். 1917இல் உயிரினங்களின் வளர்ச்சியையும் வடிவத்தையும் ஆராய்ந்த டார்சி தாம்சன் ஒரு மீனின் உருவத்தைக் கட்டங்களில் எழுதி, கட்டத்தை வளைத்து வேறொரு மீனை வருவித்துக் காட்டியது இவ்வழியில்தான். டியூரருக்குத் தாம் கடன்பட்டிருப்பதை அவரும் மறைக்கவில்லை. விகிதத்தைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் விலகலை அளக்கும் சட்டமாகக் கொண்டது டியூரரின் சாதனை. மாதிரித் தலையைப் பற்றிச் சிந்திப்போர் லியொனார்டோவின் புகழ்பெற்ற படத்தைக் காட்டிலும் டியூரர் நூலின் மரக்கட்டை அச்சுக்களிடம் கற்கவேண்டியது அதிகம்.

பின்வந்த நூற்றாண்டுகளில் அளவு வேறு பாதையிலும் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சு உடற்கூற்று அறிஞர் பேட்ரஸ் காம்பர், இயேசு பிறந்தபோது வணங்க வந்த கறுப்பின அரசரை ஓவியர்கள் ஐரோப்பிய முகத்துக்குக் கருமை பூசியே எழுதிவிடுகின்றனர் என்று குறைகூறி, அப்பிழையைத் திருத்துவதற்காக நெற்றிக்கும் தாடைக்கும் இடையிலுள்ள சாய்வை அளக்கும் முகக்கோணத்தைக் கண்டார். உயிருள்ள மனிதரின் கோணம் 70க்கும் 80 பாகைக்கும் இடையில் அமைவதென்றும், பழைய கிரேக்கச் சிற்பங்களில் காணும் 100 பாகை வரையிலான கோணம் கலைஞர் கற்பித்ததே என்றும் அவர் கருதினார். கலைஞருக்கு உதவ எழுந்த இந்த அளவு, அடுத்த தலைமுறையினர் கையில் இனங்களை மேல் கீழ் என்று அடுக்கும் கருவியாகக் கெட்டது. ஒரு முகத்தை அளக்கும் எண் எப்போது அம்முகத்தை மதிப்பிடும் எண்ணாக மாறுகிறதோ அப்போதே அது கலைஞனுக்குப் பயனற்றுப் போகிறது என்பதை இச்சரித்திரம் காட்டுகிறது.

சராசரி மனிதன் என்னும் கருத்தை 1835இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலார் கெத்தலே வெளியிட்டார். 1878இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் குற்றவாளிகளின் நிழற்படங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, குற்றவாளி முகத்தின் பொது லட்சணத்தைப் பிடித்துவிட முயன்றார். கிடைத்ததோ மூல முகங்கள் எல்லாவற்றையும்விட லட்சணமான ஒரு முகம். குற்ற ஆராய்ச்சிக்கு இது தோல்வியாயினும் நமக்கு ஒரு பாடம். சராசரியில் கரடுமுரடுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகின்றன. எலும்பு தோலுக்கடியில் திரும்பும் விளிம்புகளும் கன்னம் தாடையாக மாறும் முனையும் மங்கி வழவழப்பு மாத்திரம் மிஞ்சுகிறது. இன்று பல தலைகளைக் கணினியில் கலந்து சராசரித் தலை செய்து விற்பவர்கள், மாணவன் காணவேண்டியவற்றைத் துடைத்துவிட்டே விற்கிறார்கள். 1952இல் அமெரிக்க விமானப் படைக்காக கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்தபோது, பத்து உறுப்பளவுகளிலும் நடுத்தரமாக அமைந்தவர் ஒருவர்கூட இல்லை என்று கண்டார். அவை முகத்தின் அளவுகள் அல்ல. எனினும் தர்க்கம் முகத்துக்கும் பொருந்தும்.

முகத்தையே நேரடியாகப் பரிசோதித்தவர் டொரொன்டோ நகரத்து மருத்துவர் லெஸ்லி ஃபார்க்காஸ். சிதைந்த முகங்களைச் சீரமைக்கும் அறுவை மருத்துவர்கள் ஓவியரின் விகிதங்களையே விதியாகக் கொள்வதைக் கண்டு, அவற்றில் ஒன்பதை எடுத்து, வட அமெரிக்க வெள்ளை இளைஞர், இளம்பெண்களின் முகத்தோடு ஒப்பிட்டு 1985இல் வெளியிட்டார். இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலம் ஒரு கண்ணின் அகலத்துக்குச் சமம் என்னும் விதி மூன்றிலொரு பங்கினரிடம் மட்டுமே பொருந்தியது. பெரும்பாலோரிடம் இடைவெளியே அதிகம். மூக்கின் அகலம் முகத்தகலத்தில் நான்கிலொன்று என்பதும், வாய் மூக்கைப்போல் ஒன்றரை மடங்கு என்பதும் சிறுபான்மையினரிடமே மெய்யாயின. மூன்று சம பாகமோ ஏறக்குறைய முற்றிலும் தவறியது.

இம்முடிவைக் கொண்டு பழைய விதிகளைக் குப்பையில் எறியவேண்டும் என்று வாதிப்போர் உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை. ஃபார்க்காஸ் எடுத்துக்கொண்ட நடு எல்லை மூக்கின் வேர், அதாவது நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் கூடுமிடம். விட்ருவியஸ் கூறியதோ புருவங்களின் நடு. முன்னது பின்னதற்குக் கீழே இருப்பதால், நடுப்பாகம் குறுகியும் மேற்பாகம் நீண்டும் தோன்றாமல் இராது. அளவுகோல் மாறிய பிறகு பழைய கணக்குத் தவறு என்று தீர்ப்பளிப்பது நியாயமன்று. இவ்வளவும் கழித்த பின்னரும், சமத்துவம் என்பது அரிதான நிகழ்ச்சி என்னும் அவருடைய சாரமான முடிவு அசையாமல் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

4. தூரம் செய்யும் மாற்றம்

இதுவரை பேசியவை தலையின் உண்மையளவைப் பற்றியவை. ஆனால் மாதிரித் தலை செய்வோர் பெரும்பாலும் உண்மையளவிலிருந்து தொடங்குவதில்லை. நேர்முகமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு நிழற்படங்களைப் பின்னால் நிறுத்தி, அவற்றின் விளிம்பைத் தொடர்ந்து களிமண்ணையோ கணினி உருவத்தையோ இழைக்கின்றனர். அப்போது இரண்டு படங்களும் ஒன்றோடொன்று ஒத்துவராமல் திண்டாடுகின்றனர். பக்கவாட்டில் காதின் அடி மூக்கின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்கும். நேர்ப்படத்திலோ காது மேலேறிக் காணும். எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்வதால், எவருக்கும் பொருந்தாத ஒரு தலை உருவாகிறது. இந்தக் கஷ்டத்துக்குக் காரணம் முகமும் அல்ல, கைத்திறமையின் குறைவும் அல்ல, தூரம்.

கணக்கு மிக எளிது. வளர்ந்த மனிதரின் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே, முன்பின்னாக ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உண்டு. காமிரா மூக்கு நுனியிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஆகவே காதோடு ஒப்பிடுகையில் மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். 60 சென்டிமீட்டரில் இந்த மிகை 1.2 மடங்கு, ஒன்றரை மீட்டரில் 1.08, மூன்று மீட்டரில் 1.04 மட்டுமே. கையிலுள்ள தொலைபேசியால் தன்னையே படமெடுத்துக்கொள்வோர் மூக்கைக் குறைக்க மருத்துவரை நாடுவது மிகுந்ததைக் கண்டு, அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, உண்மை விகிதத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்பது அதன் முடிவு. வில்லையை மாற்றினால் இது தீரும் என்று சொல்வதும் பிழை. முகத்தின் விகிதத்தை நிர்ணயிப்பது நிற்கும் தூரம். வில்லை நிர்ணயிப்பது அத்தூரத்தில் முகம் படச்சட்டத்தை எவ்வளவு நிரப்புகிறது என்பதையே. நீண்ட வில்லை நன்மை செய்கிறது என்று தோன்றுவது, அதை வைத்திருப்பவர் பின்னால் நகர்ந்து நிற்க நேர்வதால்தான்.

காதின் பிரச்சினைக்கும் இதே கணக்கு விடை தருகிறது. கண்மட்டத்தில் காமிராவை வைத்து, மூக்கடியிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் நேர்ப்படம் எடுப்பதாகக் கொள்வோம். மூக்கடியும் காதடியும் கண்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். காது 12 சென்டிமீட்டர் பின்தள்ளி இருப்பதால், படத்தில் அதன் இறக்கம் 4.2 சென்டிமீட்டருக்குச் சமமாகத்தான் தெரியும். ஆகவே காதடி மூக்கடியைவிட 8 மில்லிமீட்டர் மேலே நிற்கும். படத்தை அப்படியே நம்பிச் செய்த தலையில் காது அந்த 8 மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. அதேபோல் தலையின் அகலமும் காதுகளின் விலகலும் சுருங்கி, முகம் குவிந்து முன்னோக்கி நீண்டுவிடுகிறது. பின்னர் இந்தத் தலையை ஓவியன் தன் மேசைமேல் அரை மீட்டர் தூரத்தில் வைத்து வரைகிறபோது, அவன் கண்ணும் ஒருமுறை அதே சுருக்கத்தைச் செய்கிறது. ஒரே பிழை இரண்டு தடவை கூடிவிடுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை.

பழைய ஆசிரியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லாதிருந்ததற்குக் காரணம் அவர்கள் கையாண்ட முறை. பதினைந்தாம் நூற்றாண்டில் தூரக்காட்சி பற்றி நூல் எழுதிய பியரோ டெல்லா பிரான்செஸ்கா, தலையை வீட்டின் அடித்தளப் படமும் முகப்புப் படமும் போலக் குறுக்கு வெட்டுகளாலும் இணைகோடுகளாலும் எழுதிக் காட்டினார். டியூரர் 1528ஆம் ஆண்டு நூலில் தலையின் நேர்த்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் சமமட்டக் கோடுகளால் இணைத்து வரைந்ததும் அதே முறைதான். அந்தத் தலைகளைப் பார்ப்பதற்கு ஒரு கண் எங்கும் நிற்கவில்லை; தூரம் என்பதே அவற்றில் இல்லை. நூலின் விகிதங்கள் அத்தகைய தலைக்கே உரியவை. அவற்றை நிழற்படத்தின்மேல் கோடிட்டுப் பார்த்து, விதி பொய் என்றோ முகம் கோணல் என்றோ முடிவு செய்வது, இரண்டையும் அறியாமையால் விளைவது.

தூரத்தோடு சாய்வும் சேர்கிறது. தலையைச் சற்றே நிமிர்த்தினால் நெற்றி குறுகி மோவாய் நீண்டு காது கீழிறங்கும். குனிந்தால் எல்லாம் எதிரிடையாகும். 1884இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் கூடிய மானிடவியலார், காதுத் துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் கோடு தரைக்கு இணையாக நிற்கும் நிலையே தலையின் நேர்நிலை என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். மண்டையோடுகளை ஒப்பிடுவதற்காக ஏற்பட்ட இந்த உடன்பாடு மாதிரித் தலை செய்வோருக்கும் இன்றியமையாதது. கழுத்தோடு தலையைப் பீடத்தில் நிறுத்தும்போது இந்தக் கோட்டைப் பார்க்காமல் அழகுக்காகச் சிறிது உயர்த்தி வைத்த தலைகளில், மூன்று பாகங்களை அளந்து காட்டுவது வீண்முயற்சி.

5. எலும்பும் பருவமும்

அப்படியாயின் எதை நிலையாகக் கொள்வது? எலும்பையும், எலும்பைப் போலவே மாறுதல் குறைந்த சில உறுப்புகளையும் கொள்ளலாம். வளர்ந்தவர்களின் கண்விழி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவுடையது. ஆளுக்கு ஆள் வேற்றுமை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். கருவிழியின் அகலமும் 12 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். பெரிய கண், சிறிய கண் என்று நாம் சொல்வதெல்லாம் இமைகளின் திறப்பைப் பற்றியவை. ஆகவே அளவு தெரியாத ஒரு நிழற்படத்தில் மற்றவற்றை மதிப்பிடக் கருவிழியே நம்பத்தக்க கோல்.

கண்கள் சிரசின் பாதி உயரத்தில் அமைகின்றன என்னும் விதி மூன்று சம பாகத்தைக் காட்டிலும் உறுதியானது. ஏனெனில் அது உச்சி, கண்குழி, மோவாய் ஆகிய எலும்பின் இடங்களையே சார்ந்தது. பயிற்சியற்றவர் ஏறக்குறைய அனைவரும் கண்களை மேலே ஏற்றி, உச்சியை வெட்டிவிட்டதுபோல் எழுதுகின்றனர். பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட ஓவியப் பயிற்சி நூலில் இதைத் தனியே எடுத்துக்காட்டியிருக்கிறார். முகபாவம் நிகழும் இடம் நமக்கு முக்கியமாகவும், வெறுமையான நெற்றியும் உச்சியும் அற்பமாகவும் தோன்றுவதே இதன் காரணம். இந்த விதியை மாணவனுக்குக் காட்டவேண்டுமானால் மாதிரித் தலையில் மயிர் கூடாது. தலைமயிரின் பருமன் உச்சியை இரண்டு விரல் உயர்த்திவிடுவதால், கண் பாதிக்குக் கீழே போய்விட்டதுபோல் தோன்றி விதியே குழம்பிவிடும்.

இந்த விதியும் வளர்ந்தோர்க்கு மட்டுமே உரியது. பிறந்த குழந்தையின் மண்டையோட்டில் முகப்பகுதி மூளையறையின் எட்டிலொரு பங்களவே இருக்கும்; வளர்ந்தவரிடம் அது பாதியளவாகிறது. தாடையும் பல்லும் முகத்தைக் கீழ்நோக்கி நீட்டுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆதலால் குழந்தைக்குக் கண் பாதிக்குக் கீழே. விழியோ பிறக்கும்போதே 17 மில்லிமீட்டர் அளவு வளர்ந்துவிட்டதால், சிறிய முகத்தில் பெரிய கண். ஐரோப்பாவின் இடைக்காலத்து ஓவியங்களில் தாயின் மடியிலிருக்கும் தெய்வக் குழந்தை சிறிய வயோதிகர்போல் காட்சியளிப்பதற்கு, வளர்ந்தோரின் விகிதத்தைச் சுருக்கி எழுதியது ஒரு காரணம். முதுமையில் பல் விழுந்து தாடையின் விளிம்பு தேய்ந்துவிடுவதால் கீழ்ப்பாகம் குறுகி மோவாய் மூக்கை நெருங்குகிறது. காதும் மூக்கும் நீள்கின்றன. ஒரே மனிதனே வாழ்நாளில் மூன்று பிரமாணங்களைக் கடந்து செல்கிறான்.

6. செய்யவேண்டியது என்ன

கலைப் பள்ளிகளில் மாதிரியாக நெடுங்காலம் இருந்துவருவன மூன்று வகை. முதலாவது புகழ்பெற்ற சிற்பங்களின் பிளாஸ்டர் படிகள். மைக்கலாஞ்சலோவின் தாவீதின் கண், மூக்கு, வாய் தனித்தனியே விற்பனைக்குக் கிடைப்பதை அறியாதவர் இலர். அந்தக் கண் உயரத்தில் நின்று தொலைவிலிருந்து பார்க்கப்படும் பேருருவத்துக்காக ஆழமாகத் தோண்டப்பட்டது. அதை மேசைமேல் வைத்துக் கண்ணின் இயல்பைக் கற்பது பொருந்தாது. ஒரு மகா சிற்பியின் தீர்மானத்தைக் கற்கலாம், அவ்வளவே. இரண்டாவது, 1767இல் ரோமில் இருந்த பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் செய்த தோலுரித்த மனிதனின் உருவம் போன்றவை. தசையும் எலும்பும் எங்கே நிற்கின்றன என்பதைக் காட்டுவதில் இவற்றுக்கு இணையில்லை. அதே ஊதோன் 1785இல் வாஷிங்டனின் சிலையைச் செய்வதற்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறிச் சென்று, மவுண்ட் வெர்னன் இல்லத்தில் அவர் முகத்தின்மேல் சாந்தை வைத்து அச்செடுத்து உடலையும் அளந்துகொண்டு வந்தார். பொது உடற்கூற்றை அத்துணை அறிந்தவரும் ஒருவரது முகத்துக்குப் பொதுவிதியை நம்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூன்றாவது, அமெரிக்க ஓவியர் ஜான் அசாரோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த தளங்களின் தலை. முகத்தைப் பட்டை தீட்டியதுபோல் தட்டையான தளங்களாகப் பகுத்து, ஒரு பாதியில் சில பெரிய தளங்களும் மறுபாதியில் அவற்றின் உட்பிரிவுகளும் காணுமாறு செய்த அந்தத் தலை, ஒளி எங்கே திரும்புகிறது என்று கற்பிப்பதில் சிறந்தது; அதைக் கொண்டு விகிதத்தையும் கற்பிக்க முயல்வோர் அதனிடம் இல்லாததைக் கேட்கின்றனர்.

இச்சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, நூல் விதியையும் அளவையும் தோற்றத்தையும் ஒரே தலையில் திணிக்க முயல்வதே பெரும்பாலான மாதிரிகளின் குறை என்று சொல்லத் தோன்றுகிறது. மாதிரித் தலை உயிருள்ள ஒருவரின் அளவிலிருந்தோ மண்டையோட்டிலிருந்தோ தொடங்க வேண்டும், சராசரியிலிருந்து அன்று. அளவுகளைக் காலிப்பரால் நேரே எடுக்கவேண்டும். நிழற்படத்தைத்தான் நம்பவேண்டியிருந்தால், மூன்று மீட்டருக்குக் குறையாத தூரத்தில், கண்மட்டத்தில் காமிராவை நிறுத்தி, ஃபிராங்க்ஃபர்ட் கோட்டைச் சமமாக்கி எடுத்தவையாக அவை இருக்கவேண்டும். கணினியில் செய்வோர் தூரக்காட்சியை நீக்கிய இணைநோக்கில் அளவுகளைச் சரிபார்த்துவிட்டு, பின்னரே தூரக்காட்சிக்குத் திரும்பவேண்டும். மூன்று சம பாகமும், முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம் என்னும் விதியும் அதன்மேல் மெல்லிய கோடுகளாகப் பொறிக்கப்படலாம். தலை அக்கோடுகளுக்கு அடங்கவேண்டும் என்பதற்காக அன்று, எங்கெங்கே எவ்வளவு விலகுகிறது என்று மாணவன் கண்டுகொள்வதற்காக. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி போன்ற இடங்களில் தாளப் பிரமாணம் இன்றும் உயிரோடு கற்பிக்கப்படுகிறது. அங்கே கற்கும் இளைஞர் தெய்வ முகத்துக்குரிய ஒடியோலையை வாழும் முகம் ஒன்றின்மேல் ஒப்பிட்டு இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைக் குறித்துப் பழகுவாராயின், இரண்டு வித்தைகளுக்கும் நன்மை உண்டு.

மேலும், ஒரு தலை போதாது. குழந்தை, நடுவயதினர், பல்லிழந்த முதியவர் என மூன்று தலைகளாவது ஒவ்வொரு ஓவியக் கூடத்திலும் இருக்கவேண்டும்; நடுவயதில் ஆணும் பெண்ணும் தனித்தனியே இருப்பின் இன்னும் நன்று. ஒவ்வொன்றின் பீடத்திலும், உண்மையளவில் எத்தனை பங்கு, யாரை அல்லது எதை அளந்து செய்தது, தலை எந்தச் சமமட்டத்தில் நிறுத்தப்பட்டது, எவ்வளவு தூரத்திலிருந்து வரையவேண்டும் என்னும் நான்கு விவரங்களும் பொறிக்கப்பட்டிருத்தல் அவசியம். கடையில் கிடைக்கும் தலைகளில் இவ்விவரங்கள் அரிதாகவே காணப்படுகின்றன. வாங்கும் ஆசிரியர்கள் செய்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் சொல்ல இயலாதவராயின் அந்தத் தலையை ஒளி நிழல் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துவது நலம்.